மதுக்கடையில் செலீன் வைத்த கையொப்பம்

கிளிபோட்டின் கலியாணத்துக்கு எல்லாம் ஒழுங்காகிவிட்டது. தேவாலயத்தில் நாள் எடுத்தாயிற்று, சுவாமியாரோடு கதைத்தாயிற்று, மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று, மூன்று தட்டுக் கேக்குக்கும் சொல்லியாயிற்று. ஒரேயொரு விஷயம்தான் இழுபட்டுக்கொண்டு நின்றது. வரவேற்பில் முதல் கிளாசைத் தூக்கி, பெண் மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லி, சபையை எழும்ப வைக்கிற அந்த டோஸ்ற்றை யார் சொல்வது?

செல்வரட்ணத்தைக் கேட்டால் அப்படியொரு கேள்வியே கிடையாது. அவர் தாய்மாமன். மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, தாய் இல்லை. பிறகு வேறு யார்?

ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் செலீனின் அப்பார்ட்மெண்டில், பூசை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் ரோல்ஸ் ஒன்றைக் கடித்தபடி நிகழ்ச்சி நிரலை வாயால் ஒப்புவித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி அன்ரனெற் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"கேக் வெட்டு, பிறகு டோஸ்ற். டோஸ்ற் நான் சொல்லுவன். பேச்சும் எழுதியாச்சு."

"டோஸ்ற் நான் சொல்லுறன் மாமா," என்றாள் செலீன்.

அவள் கிளிபோட்டின் அக்கா. முப்பத்தெட்டு வயது, கலியாணம் கட்டவில்லை. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடத்தில் வேலை. இரண்டு பஸ் மாறி ஒரு சப்வே பிடித்துப் போய், அப்படியே திரும்பி வருகிறவள். தம்பியை ஊரில், பேசாலையிலிருந்து கூப்பிட்டு எடுத்து, படிக்க வைத்து, இன்றைக்கு மாப்பிள்ளையாக நிறுத்தியிருப்பவளும் அவள்தான்.

"நீயோ?" மாமி சிரித்தாள். "எதை வச்சுப் பிள்ளை, சர்பத்தை வச்சே?"

"எல்லாரும் எதை வச்சுச் சொல்லுகினமோ அதை வச்சுத்தான் மாமி."

செல்வரட்ணம் ரோல்ஸைக் கீழே வைத்தார். "பொம்பிளைப்பிள்ளை டோஸ்ற் சொல்லி எங்கையடி கண்டனி? வின்சன்ற் என்ன சொல்லுவார்? நிச்சயார்த்தத்திலயே கேட்டவர், உங்கட பக்கத்தில ஆம்பிளையள் ஆர் இருக்கினம் எண்டு."

வின்சன்ற் என்பவர் பெண் அனோஜாவின் தகப்பன். மிசிசாகாவில் சொந்த வீடு, இரண்டு கார். அவர் அப்படிக் கேட்டபோது செலீன் அவருக்கு எதிரேதான் இருந்தாள். அந்தக் கேள்வி அவள் தலைக்கு மேலால் போய் மாமாவின் மடியில் விழுந்ததை அவள் மறக்கவில்லை. தம்பியை வளர்த்தது நான், சபையில் அதைச் சொல்லிக் கிளாஸ் தூக்கப்போவதும் நான் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

"கேட்டவருக்குப் பதில் சொல்லத்தான் மாமா நான் எழும்பவேணும்."

"சரி, கேள்." செல்வரட்ணம் விரலைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பந்தயம் என்று வந்தால் அவருக்கு வயது குறைந்துவிடும். "நீ சாராயக்கடை வாசல் மிதிச்சிருக்கிறியோ? இல்லைத்தானே. இந்தக் கலியாணத்துக்கு வேண்டிய வைன், விஸ்கி எல்லாம் நீ போய் வாங்கு. நீயே காசைக் கட்டு. கொண்டுபோய் மண்டபத்தில இறக்கு. இறக்கினா டோஸ்ற் உன்ர. நான் பக்கத்தில நிப்பன், வாய் திறக்க மாட்டன். ஆனா இடையில ஏலாமப் போய் நான் காசைக் கட்டவேண்டி வந்தால், டோஸ்ற் என்ர. பிறகு கண்ணைக் கசக்கக் கூடாது."

"மாமி சாட்சி," என்றாள் செலீன்.

"என்னை ஏன் இழுக்கிறியள்? நான் வேதக் கலியாணத்துக்கு மட்டும்தான் சாட்சி," என்றாள் மாமி. ஆனாலும் ஆர்வத்தோடு கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

எதையும் ஒழுங்குமுறையாகச் செய்கிறவள் செலீன். முதற்காரியமாக அரசாங்க மதுக்கடைக்குப் போன் அடித்து, காசு எப்படி எப்படிக் கட்டலாம் என்று விசாரித்தாள். தாள்காசு வாங்குவார்கள். வங்கி அட்டையைப் போட்டு இரகசிய எண்ணை அழுத்தியும் கட்டலாம். கிறெடிற் கார்ட்டும் சரி. ஆட்களின் சொந்தக் காசோலை மட்டும் எடுக்க மாட்டார்கள். மண்டபத்தில் பரிமாறுவதற்கு எடுத்த அனுமதிப் பத்திரத்தையும் கொண்டுவர வேண்டும். மூடி திறக்காத போத்தல்களைக் கலியாணம் முடிந்தபின் திருப்பிக் கொடுக்கலாம், எந்த வழியால் காசு கட்டினதோ அந்த வழியாலேயே அது திரும்பி வரும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு யோசித்தாள். தாள்காசாக அவ்வளவையும் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வர அவளுக்கு மனமில்லை. வங்கி அட்டையில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று கட்டுப்பாடு இருந்தது, அது விஸ்கிக்கே காணாது. மிஞ்சியது கிறெடிற் கார்ட். அது அவளிடம் புதிதாக வந்திருந்தது. இந்த நாட்டில் கடன் வாங்கிப் பழகாதவர்களுக்குக் கடன் கொடுக்க மாட்டார்கள் என்பதால், தன் சேமிப்பையே வங்கியில் ஈடாக வைத்து, அந்த அளவுக்கு ஒரு கார்ட் எடுத்திருந்தாள். அதன் பின்பக்கத்து வெள்ளைப் பட்டையில் வழக்கமாக வைக்கும் கையொப்பத்தை வையுங்கள் என்று வங்கியில் இருந்த பெண் சொன்னாள். செலீன் வழக்கமாக வைப்பதையே வைத்தாள். தமிழில், 'செலீன்' என்று, கடைசி எழுத்தின் வாலை முதல் எழுத்துக்குக் கீழாகக் கொண்டுவந்து வளைத்து.

மாமா அதை அந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"இதென்னடி கோதாரி! வெள்ளைக்காரன்ர கடையில தமிழில சைன் வைக்கப் போறியோ? அவன் வாசிக்க வேண்டாமே? உது அரசாங்கக் கடை. இங்கிலிசில வை. இஞ்ச பார்." பேனாவை வாங்கி, விளம்பரத் தாளொன்றின் ஓரத்தில் ஒரு பெரிய ஆங்கில எழுத்துப் போட்டு, அதற்குப் பின்னால் மீன்வலை வீசினமாதிரி ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "இப்பிடி வச்சாத்தான் மதிப்பான்."

பந்தயம் ஒரு பக்கம் இருக்க, இதை அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். மருமகள் நாலு பேருக்கு முன்னால் வெட்கப்படக் கூடாது என்பதில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது. செலீனுக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்தக் கிழமை முழுக்க, வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும், கிடைத்த தாளிலெல்லாம் ஆங்கிலத்தில் வலை வீசிப் பழகினாள். வெள்ளிக்கிழமை ஆகும்போது மாமாவின் கோட்டைவிட அவளுடைய கோடு திறமாக இருந்தது.

மறுநாள் கலியாணம். அன்று வெள்ளி பின்னேரம், மே மாதத்து நீண்ட வார இறுதி தொடங்கும் நேரம். வெக்ஸ்போர்ட் பக்கத்து மதுக்கடையில் ரொறன்ரோவின் பாதிச் சனம் நின்றது. மாமாவின் வான் வண்டியில் வந்து இறங்கி, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது செலீனுக்கு வாய் பிளந்தது. இருட்டும் நாற்றமுமாக இருக்கும் என்று நினைத்து வந்தவள் அவள். இதுவோ பளிச்சென்று, மருந்துக்கடை மாதிரி இருந்தது. போத்தல்கள் நாடு நாடாக வரிசையில் நின்றன.

"கோயில் மாதிரியெல்லே வச்சிருக்கிறாங்கள்," என்றாள் மெதுவாக.

"நான் வாய் திறக்க மாட்டன் எண்டு சொன்னனான்," என்றார் மாமா.

"திறந்திட்டியள் மாமா."

அவளுக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. வேண்டியதை எடுத்து வைக்கச் சொன்னாள், பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்தாள், இரண்டு வண்டில்களில் ஏற்றுவித்தாள், அனுமதிப் பத்திரத்தை நீட்டினாள். காசாளர் மேசையடியில் நின்ற மூக்கில் வளையம் போட்ட பெடியன் ஒவ்வொன்றாகக் கணக்கில் ஏற்றி, கூட்டுத்தொகையைச் சொன்னான். செலீன் கார்ட்டைக் கொடுத்தாள். இயந்திரம் கிறுகிறு என்று ஒரு தாளைக் கக்கியது. அவன் பேனாவை நீட்டினான்.

மாமா காதுக்குள் சொன்னார். "நான் காட்டித்தந்த மாதிரி வை."

வைத்தாள். பழகியதெல்லாம் திரண்டு வந்து விழுந்த, குறை சொல்ல முடியாத ஆங்கிலக் கையொப்பம். பெருமையோடு தாளைத் தள்ளினாள்.

பெடியன் தாளைப் பார்த்தான். கார்ட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான். திரும்பவும் தாளைப் பார்த்தான். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் முன்பிருந்த சிரிப்பு இல்லை. இரண்டும் ஒன்றில்லையே என்றான். பொருந்தாத கையொப்பத்துக்குத் தன்னால் சாமான் கொடுக்க முடியாது, வேறு வழியால் காசு கட்டுங்கள் என்றான்.

செலீனுக்குக் காது சுட்டது. வேறு வழி ஏது? வங்கிகள் பூட்டியாயிற்று. கைப்பையில் இருந்தது பஸ் ரிக்கற்றும் கொஞ்சச் சில்லறையும்தான். பின்னால் பியர்ப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவன் பெருமூச்சு விட்டான். வரிசை கதவு வரைக்கும் நீண்டிருந்தது. களவெடுத்த கார்ட்டோடு வந்தவளைப் பார்ப்பதுபோல எல்லோரும் தன்னையே பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது.

அப்போதுதான் மாமாவின் கை கோட்டுப் பைக்குள் போனது. அவர் வெறுங்கையோடு வரவில்லை. தடித்த கடித உறை ஒன்று வெளியே வந்தது.

"சரி, விடு பிள்ளை. சனம் நிக்குது. மானம் போகுது. நான் கட்டுறன்." அவருடைய குரலில் எக்களிப்பு இல்லை, உண்மையான பதற்றம்தான். இருந்தாலும் பந்தயம் பந்தயம். பெடியன் முகம் தெளிந்து கையை நீட்டினான். தாள்காசு என்றால் அவனுக்கு ஒரு கரைச்சலும் இல்லை.

உறைக்கும் பெடியனின் கைக்கும் நடுவில், மேசையில் செலீனின் உள்ளங்கை பட்டென்று விழுந்தது.

"மாமா, காசை உள்ள வையுங்கோ."

"பிள்ளை, உது சரிவராது..."

"உள்ள வையுங்கோ எண்டு சொல்லுறன். கார்ட் என்ர. அதுக்குள்ள இருக்கிற காசு என்ர. கையெழுத்து மட்டும்தான் உங்கட. அதை நான் திருப்பித் தாறன்."

பிறகு பெடியனைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சமையற்கூடத்தில் தட்டுகள் எண்ணிக்கை குறைந்தால் போடுகிற அதே குரலில், மனேஜரைக் கூப்பிடு என்றாள்.

மனேஜர் நரைத்த தலையோடு ஒரு பெண். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தாள். செலீன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். இது என் கார்ட். பின்னால் இருப்பது என் மொழியில் என் கையொப்பம். இந்தத் தாளில் வைத்தது, நீங்கள் வாசிக்கவேண்டும் என்று நினைத்துப் பழகிக்கொண்டு வந்தது. பிழை என்னுடையது. புதுத்தாள் ஒன்று தாருங்கள், எனக்குத் தெரிந்த கையொப்பத்தை வைக்கிறேன்.

மனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்ட்டைத் திருப்பிப் பார்த்தாள். எங்களுக்கு வாசிக்கத் தேவையில்லை, இரண்டும் ஒன்றாய் இருந்தால் காணும் என்றாள். முதலில் அடித்த தாளை இரத்துச் செய்து, இன்னொன்று அடிக்கச் சொன்னாள்.

செலீன் எழுதினாள். அவசரப்படவில்லை. செ, லீ, ன். வாலைக் கீழாகக் கொண்டுவந்து வளைத்தாள்.

தாளையும் கார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனேஜர் குனிந்தாள், பெடியனும் குனிந்தான். பியர்ப் பெட்டிக்காரன்கூட எட்டிப் பார்த்தான். சுழிக்குச் சுழி, வளைவுக்கு வளைவு ஒன்றாகவே இருந்தது. இதைக் களவாக வைக்க ஒருத்தனாலும் ஏலாது என்றான் பெடியன். ஆனால் மனேஜர் இன்னும் விடவில்லை. முதல் தடவை பொருந்தாமல் போனபடியால் கார்ட் கொடுத்த வங்கியைப் போனில் கேட்டே ஆகவேண்டும், அது விதி என்றாள்.

போன் சுற்றியது. மனேஜர் இலக்கங்களை வாசித்துவிட்டு, ரிசீவரைச் செலீனிடம் கொடுத்தாள். அந்தப் பக்கத்துக் குரல் பிறந்த தேதி கேட்டது, சொன்னாள். விலாசம் கேட்டது, சொன்னாள். பிறகு, கலியாணத்துக்கு முந்தி உங்கள் தாயாருடைய குடும்பப் பெயர் என்ன என்று கேட்டது.

கார்ட்டுக்கு விண்ணப்பித்தபோதும் இதே கேள்வி வந்தது. எங்களுக்குள் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதே என்று அன்றைக்கு அவள் முழித்தாள். பிறகு யோசித்து, கலியாணத்துக்கு முந்தி அம்மாவின் பேரோடு நின்ற பேர் அம்மாவுடைய தகப்பன் பேர்தானே என்று அதையே கொடுத்திருந்தாள்.

"நீக்கிலாப்பிள்ளை," என்றாள்.

அந்தப் பக்கத்துக்கு விளங்கவில்லை. இன்னும் உரத்துச் சொன்னாள். பிறகு ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாக, கடை முழுக்கக் கேட்கும்படி கூட்டிச் சொன்னாள்.

செல்வரட்ணம் கடித உறையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நீக்கிலாப்பிள்ளை அவருடைய தகப்பன். இந்த நாட்டுக்கு வந்தபின் அந்தப் பேர் அவருடைய பேருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, பிறகு அதுவும் தேய்ந்து, வேலைத்தலத்தில் அவர் வெறும் 'சால்' ஆகிப்போயிருந்தார். அந்த முழுப்பேரை ஒருவர் வாயால் சொல்லிக் கேட்டு எத்தனையோ காலம். இன்றைக்கு அது ஒரு சாராயக்கடை நடுவில், வரிசையில் நிற்கிற சனமெல்லாம் காது கொடுத்திருக்க, எழுத்தெழுத்தாக ஒலித்தது.

செலீன் ரிசீவரைத் திருப்பிக் கொடுத்தாள். மனேஜர் ஒரு இலக்கத்தைக் கேட்டு எழுதினாள். தாளைக் கிழித்துப் பிரதியைக் கையில் கொடுத்து, தாமதத்துக்கு மன்னிக்கவேண்டும், நாளைய கலியாணத்துக்கு வாழ்த்துக்கள் என்றாள். பியர்ப் பெட்டிக்காரன் ஒரு கையால் மேசையில் தட்டினான். பின்னால் யாரோ விசிலடித்தார்கள்.

வண்டில்களை மாமாவே தள்ளினார். பெட்டிகளை வானில் ஏற்றினார். சாவியைத் திருப்பிய பிறகுதான் கேட்டார்.

"அப்புவின்ர பேரையோ குடுத்து வச்சிருக்கிறாய்?"

"அம்மாவின்ர பேர் கேட்டவை. அம்மா ஆற்ற மகள் மாமா?"

"அப்ப பாங்கில எழுதி வச்சிருக்கிறாங்கள். முழுசா?"

"முழுசாத்தான். ஒரு எழுத்தும் குறையேல்லை."

வான் லோறன்ஸ் வீதியில் ஏறியது. இரண்டு சிக்னல் தாண்டி அவர் கேட்டார். "உந்தக் கார்ட் எனக்கும் ஒண்டு எடுக்கலாமோ?"

"எடுக்கலாம். சைன் மட்டும் உங்கட வலையைப் போடாதேங்கோ."

"போடி," என்றார் மாமா. சிரிப்பை அடக்க முடியவில்லை. "நான் என்னடி செய்ய, நல்லதுக்குத்தானே சொன்னனான்."

"தெரியும் மாமா. டோஸ்ற் என்ன மாதிரி?"

"பேச்சு எழுதிட்டனே பிள்ளை, நாலு பக்கம்..."

"மாமா."

"சரி, சரி. நான் காசு கட்டேல்லை. சொன்னது சொன்னதுதான்."

சொன்னார்தான். ஆனால் மைக்கைக் கண்டால் மாமாவுக்கு என்ன நடக்கும் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மாமி அன்றிரவு செலீனுக்குப் போன் எடுத்து, மனிசன் கண்ணாடிக்கு முன்னால் நின்று நாலு பக்கத்தையும் வாசித்துப் பார்க்குது, நீ கவனம் என்று சொன்னாள்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. மேசை மேசையாக வைன் ஊற்றி வைத்தாயிற்று. கிளிபோட்டும் அனோஜாவும் கேக் வெட்டி ஒருவருக்கொருவர் ஊட்டினார்கள். நிகழ்ச்சியை நடத்திய இளைஞன் கையில் இருந்த தாளைப் பார்த்து, இழுத்து அறிவித்தான்.

"அடுத்ததாக, மணமக்களுக்கு டோஸ்ற் சொல்ல, மாப்பிள்ளையின் தாய்மாமன் திரு. செல்வரட்ணம் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!"

தாள் போன மாதமே கொடுத்தது. அதை மாற்ற ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கைதட்டல் எழுந்தது. செல்வரட்ணம் எழும்பினார். கோட்டின் முன்பக்கத்தை இழுத்து நேராக்கினார். செலீன் தன் மேசையில் விறைத்துப்போய் இருந்தாள். மாமா மேடையேறி, மைக்கைக் கையில் வாங்கி, ஊதிப் பார்த்தார். உள்பைக்குள் கை போனது. வெறுமையாக வெளியே வந்தது.

"பேரைப் பிழையா வாசிச்சிட்டார் தம்பி," என்றார். "என்ர பேர் நீக்கிலாப்பிள்ளை செல்வரட்ணம். அது ஒண்டு. மற்றது, டோஸ்ற் நான் சொல்லுறேல்லை. நிச்சயார்த்தத்தில எங்கட சம்பந்தி கேட்டவர், உங்கட பக்கத்தில ஆம்பிளையள் ஆர் இருக்கினம் எண்டு. ஆம்பிளையள் நாங்கள் கன பேர் இருக்கிறம், சாப்பிட வந்திருக்கிறம். இந்தப் பெடியனைக் கூப்பிட்டவ, வளத்தவ, படிப்பிச்சவ, இந்தக் கலியாணத்தை நடத்துறவ அவன்ர அக்கா. உங்கட கிளாசில இருக்கிறதுக்குக் காசு கட்டினதும் அவதான், நான் கண்ணால கண்ட சாட்சி. செலீன், வா பிள்ளை."

மண்டபம் கைதட்டலில் வெடித்தது. முதலில் கத்தியது சமையற்கூடத்துப் பெண்கள் இருந்த மேசை. செலீன் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் போனாள். மாமா மைக்கையும், கேக் மேசையில் ஊற்றி வைத்திருந்த கிளாஸ் ஒன்றையும் அவள் கைகளில் கொடுத்துவிட்டு, கீழே இறங்காமல் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

அவள் பேச்சு ஒன்றும் எழுதி வரவில்லை. தம்பியைப் பார்த்தாள். அவன் அனோஜாவின் கையைப் பிடித்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"கிளிபோட், அழாத, போட்டோவில வடிவில்லாமல் போயிடும்," என்றாள். சனம் சிரித்தது. "அனோஜா, இவனை இவ்வளவு நாளும் நான் பாத்தன். இனி நீங்கள் ரெண்டு பேரும் ஆளை ஆள் பாருங்கோ. என்னட்ட வேற புத்திமதி ஒண்டும் இல்லை. எல்லாரும் ஒருக்கா எழும்புங்கோ."

கதிரைகள் கிறீச்சிட்டன. முன்வரிசையில் முதலில் எழும்பியவர் வின்சன்ற். அவர் தன் கிளாசை அவளுடைய திசைக்குத் திருப்பி, தலையைத் தாழ்த்தினார். செலீனும் தாழ்த்தினாள். பிறகு கையை நன்றாக உயர்த்தினாள். மண்டபம் முழுக்கக் கிளாசுகள் அவளோடு சேர்ந்து உயர்ந்தன.

"பெண் மாப்பிள்ளைக்கு!"

குடித்தாள். வாழ்நாளில் முதல் வாய் வைன். முகம் எட்டுக் கோணலாகச் சுருங்கியது. மைக் இன்னும் வாயருகில்தான் இருந்தது.

"ஐயோ மாமா," என்றது ஒலிபெருக்கி, "இந்தப் புளிப்புக்கோ நாங்கள் அவ்வளவு பாடு பட்டனாங்கள்?"

சிரிப்பில் மேசைகள் ஆடின. செலீன் வாயைத் துடைத்துவிட்டு, மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.